உலைக்குப் பின்னால் உள்ள மனிதர்கள்: அணுமின் துறையின் பணிவாழ்வும் வருங்காலமும்

அணுமின் துறையின் எதிர்காலம் பற்றிய விவாதம் தமிழ்நாட்டில் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே நடந்துவந்திருக்கிறது: உலைகள் பாதுகாப்பானவையா, அவை தரும் மின்சாரம் கட்டுப்படியாகுமா. இவ்விரண்டும் ஒதுக்கிவைக்க முடியாத கேள்விகள். ஆயினும் மூன்றாவது கேள்வி ஒன்று, முதல் இரண்டின் விடையும் பெரிதும் அதையே சார்ந்திருந்தும், உரிய கவனத்தைப் பெறவில்லை. உலையை வடிவமைத்து, கட்டி, இயக்கி, பழுதுபார்த்து, ஆயுள் முடிந்தபின் பிரித்தெடுத்து, அதன் கழிவையும் காக்கப்போகிறவர்கள் யார், அவர்கள் எங்கிருந்து வருவார்கள், அவர்களை உருவாக்க எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதே அந்தக் கேள்வி. இத்துறையில் பணிவாழ்வைத் தேடும் இளைஞருக்கும், இத்துறையைப் பன்மடங்கு பெருக்கத் திட்டமிடும் அரசுக்கும் இது ஒரே கேள்வியின் இரு முகங்களாக அமைகிறது.

முதலில் கவனிக்கவேண்டியது இத்துறையின் கால அளவு. கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கான உடன்பாட்டில் பிரதமர் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் 1988 நவம்பரில் கையெழுத்திட்டனர். பின்னர் சோவியத் ஒன்றியமே மறைந்துபோய், பேச்சு மறுபடி தொடங்கி, 2002-இல் கான்கிரீட் பணி ஆரம்பமாகி, 2013 ஜூலையில்தான் முதல் உலையில் அணுப்பிளவின் தொடர்வினை நிலைபெற்றது. உடன்பாடு எழுதப்பட்ட ஆண்டில் பிறந்த குழந்தை பொறியியல் பட்டம் பெற்று வேலைக்குச் சேரும் வயதை எட்டியபின்பே அந்த உலை உயிர்பெற்றது. இன்று கட்டப்படும் உலைகள் 60 ஆண்டு இயங்கும் வகையில் வடிவமைக்கப்படுகின்றன. ஆகவே 22 வயதில் பணியில் சேர்ந்து ஓர் உலையின் தொடக்கத்தைக் காணும் ஒருவர் ஓய்வுபெறும் நாளில் அந்த உலைக்கு இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் ஆயுள் எஞ்சியிருக்கும். அதைப் பிரித்தெடுக்கும் வேலையோ அவருடைய பேரப்பிள்ளைகளின் காலத்தில்தான் முடியும். ஒரு தலைமுறை கற்றதை அடுத்த தலைமுறை பிசகாமல் பெற்றுக்கொண்டால் மட்டுமே நடக்கக்கூடிய தொழில் இது.

அந்தக் கைமாற்றம் அறுபட்டால் என்ன நேரும் என்பதற்குப் பிரான்சைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1973-இன் எண்ணெய் நெருக்கடியை அடுத்து, பிரதமர் பியர் மெஸ்மெர் 1974-இல் அறிவித்த திட்டத்தின்படி அந்நாடு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் ஐம்பதுக்கு மேற்பட்ட உலைகளைக் கட்டி, தன் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத அளவை அவற்றிலிருந்து பெற்றது. ஒரே வகை உலை, ஒரே தொழிற்கூடங்கள், ஒரு கட்டுமான இடத்தில் வேலை முடித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகும் ஒரே தொழிலாளர் கூட்டம் என்ற ஏற்பாடே அந்த வேகத்தின் அடிப்படை. தேவை நிறைவேறியதும் கட்டுமானம் நின்றது. சிவோ நிலையத்தின் இரண்டாம் உலை 1999-இல் மின்தொகுப்பில் இணைந்தபின் புதிய உலை எதுவும் இல்லை. 2007-இல் ஃப்ளமன்வில் நகரில் மறுபடி கட்டத் தொடங்கியபோது முந்தைய தலைமுறை வெல்டர்களும் மேற்பார்வையாளர்களும் ஓய்வுபெற்றிருந்தனர். நீராவிக் குழாய்களின் வெல்டிங் இணைப்புகள் தரச் சோதனையில் தேறாமல் மீண்டும் செய்யப்பட வேண்டியிருந்தது. ஐந்து ஆண்டில் முடிய வேண்டிய உலை பதினேழு ஆண்டு கழித்து, 2024 டிசம்பரில் மின்தொகுப்பில் இணைந்தது. செலவு முதல் மதிப்பீட்டைப்போல் நான்கு மடங்கானது. இதற்கிடையே 2021-இன் இறுதியில் பழைய உலைகளின் குழாய்களில் அரிப்பினால் வெடிப்புகள் கண்டறியப்பட்டபோது, அவற்றைச் சரிசெய்ய வட அமெரிக்காவிலிருந்து வெல்டர்களை வரவழைக்க நேர்ந்தது. 2022-இல் பிரான்ஸ், நாற்பது ஆண்டுகளில் முதன்முறையாக, ஏற்றுமதி செய்ததைவிட அதிக மின்சாரத்தை இறக்குமதி செய்தது.

அமெரிக்காவின் கதையும் ஏறத்தாழ இதுவே. 1979-இல் த்ரீ மைல் தீவு நிலையத்தில் நேர்ந்த விபத்துக்குப்பின் புதிய உலைகளுக்கான ஆணைகள் வற்றிப்போன அந்நாட்டில், ஜார்ஜியா மாநிலத்தின் வோக்டில் நிலையத்தில் 2013-இல் கட்டத் தொடங்கிய இரண்டு உலைகள் 2023-இலும் 2024-இலும்தான் இயங்கத் தொடங்கின. செலவு 3,000 கோடி டாலரைத் தாண்டியது. தென் கரோலினாவில் அதே வகையிலான இரண்டு உலைகள் 2017-இல் பாதியிலேயே கைவிடப்பட்டன. இதற்கு மாறாக, கட்டுமானத்தை இடைவிடாமல் தொடர்ந்த சீனாவும் தென்கொரியாவும் ரஷ்யாவும் இத்துறையில் முன்னணிக்கு வந்தன. கொரிய நிறுவனம் ஐக்கிய அரபு அமீரகத்தின் பராக்காவில் தொடங்கிய நான்கு உலைகளும் 2024-க்குள் வணிக இயக்கத்துக்கு வந்துவிட்டன. அமீரகத்துக்கு அதற்குமுன் அணுமின் அனுபவமே இருந்ததில்லை. நிதி ஏற்பாடு, ஒழுங்குமுறை விதிகள், தொழிலாளர் ஊதியம் என வேறு பல காரணங்களும் இந்த வேறுபாட்டுக்கு உண்டு. ஆனால் கை விட்டுப்போன திறனைப் பணம் கொடுத்து உடனே வாங்கிவிட முடியாது என்பதைப் பிரான்சும் அமெரிக்காவும் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டன.

இந்தியாவின் அணுசக்தித் திட்டத்தை வகுத்த ஹோமி பாபா இதை மிக முன்னதாகவே உணர்ந்திருந்தார். 1944 மார்ச்சில், உலகின் எந்த மூலையிலும் அணுமின்சாரம் பிறந்திராத காலத்தில், டாட்டா அறக்கட்டளைக்கு எழுதிய கடிதத்தில், இரண்டொரு பத்தாண்டுகளில் அணுவாற்றல் மின்னுற்பத்திக்குப் பயன்படும்போது அதற்கான வல்லுநர்களை இந்தியா வெளிநாட்டில் தேடாமல் உள்நாட்டிலேயே பெற்றிருக்க வேண்டும் என்பதை அவர் தம் வாதத்தின் மையமாக வைத்தார். 1954-இல் அணுசக்தித் துறை உருவாகி, 1956 ஆகஸ்டில் அப்சரா ஆராய்ச்சி உலை இயங்கத் தொடங்கிய மறு ஆண்டே, 1957-இல், டிராம்பேயில் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. நாட்டின் முதல் அணுமின் நிலையமான தாராப்பூர் 1969-இல்தான் வந்தது என்பதை நினைத்தால், மின் நிலையத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பே மனிதர்களை உருவாக்கும் வேலை தொடங்கிவிட்டது புலனாகும். 1974-இல் பொக்ரான் அணுச் சோதனைக்குப்பின், ராஜஸ்தான் அணுமின் நிலையத்துக்கு உதவிவந்த கனடா தன் உதவியை விலக்கிக்கொண்டபோது அதன் இரண்டாம் உலை அரைகுறையாக நின்றது. அதை முடித்ததும், அடுத்துக் கல்பாக்கத்தில் வெளிநாட்டு ஒப்பந்தக்காரர் இல்லாமல் சென்னை அணுமின் நிலையத்தைக் கட்டி 1983-இல் அதன் முதல் உலையைத் தொடக்கியதும் அந்தப் பள்ளியில் கற்றவர்களும் அவர்களோடு களத்தில் பழகியவர்களுமே.

அவ்வாறு உருவானவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்குக் கல்பாக்கத்தின் இரு நிகழ்வுகள் எடுத்துக்காட்டாகும். சென்னை அணுமின் நிலையம் கனநீர் உலை வகையைச் சேர்ந்தது. சாதாரண நீரில் உள்ள ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் எடை மிகுந்த ஐசோடோப்பைக் கொண்ட கனநீர், அணுப்பிளவில் வெளிப்படும் நியூட்ரான்களின் வேகத்தைத் தணித்து, செறிவூட்டப்படாத யுரேனியத்தையே எரிபொருளாகப் பயன்படுத்த வழிசெய்கிறது. 1988-89-இல் இந்தக் கனநீரை உலைக் கலத்துக்குள் செலுத்தும் உட்புற அமைப்பு இரண்டு உலைகளிலும் அடுத்தடுத்து உடைந்தது. கடும் கதிர்வீச்சு நிறைந்த கலத்துக்குள் மனிதர் நுழைய வழியில்லை. உலைகளையே கைவிட வேண்டியிருக்கும் என்ற பேச்சு எழுந்தது. பின்னாளில் அணுசக்தி ஆணையத்தின் தலைவரான அனில் காகோட்கர் முக்கியப் பங்காற்றிய மீட்புப் பணியில், கனநீரின் பாதையையே மாற்றியமைத்து, குறைந்த திறனிலேனும் உலைகள் மறுபடி இயங்கச் செய்யப்பட்டன. பல ஆண்டு கழித்து, எரிபொருள் செல்லும் குழாய்களை முழுவதுமாக மாற்றிய வேளையில் புதிய அமைப்பு பொருத்தப்பட்டு 220 மெகாவாட் முழுத் திறனும் திரும்பக் கிடைத்தது. காகோட்கர் 1963-இல் டிராம்பேப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தவர்.

இரண்டாவது நிகழ்வு அதே வளாகத்தின் வேக ஈனுலைச் சோதனை நிலையத்தில் நேர்ந்தது. ஈனுலை என்பது தான் எரிப்பதைவிடக் கூடுதலான எரிபொருளை, பயன்படாத வகை யுரேனியத்திலிருந்து புளூட்டோனியமாக, ஈன்றுதரும் உலை. இதில் வெப்பத்தைக் கடத்துவது உருகிய சோடியம். 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய இந்த உலையில் 1987 மே மாதத்தில் எரிபொருளை இடம் மாற்றும்போது ஒரு தொகுதி சிக்கி, வழிகாட்டும் குழாய் வளைந்துவிட்டது. நீரைப்போல் சோடியத்துக்குள் பார்க்க முடியாது; எது எங்கே எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதையே அளவீடுகளிலிருந்து ஊகித்தறிய வேண்டியிருந்தது. அதற்கெனத் தனிக் கருவிகளை வடிவமைத்து, வெளியே மாதிரி அமைத்துப் பழகி, வளைந்த குழாயைத் தொலைவிலிருந்தே அறுத்தெடுத்து, உலையை மறுபடி இயக்க இரண்டு ஆண்டு ஆயிற்று. எந்தப் பாடநூலிலும் இல்லாத சிக்கலை, விரைந்து முடிக்கும் ஆசைக்கு இடம் கொடாமல், படிப்படியாக அவிழ்க்கத் தெரிந்தவர்களே இத்தொழிலுக்கு வேண்டும் என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன. உடைந்ததை ஒளிக்காமல் பதிவுசெய்ததும் அந்தத் திறனின் ஒரு பகுதியே.

அன்றாடப் பணியைப் பொறுத்தவரை, அணுமின் நிலையம் என்றதும் இயற்பியல் அறிஞர்களே மனத்தில் தோன்றுகின்றனர். உண்மையில் அங்குள்ள பெரும்பாலோர் இயந்திரவியல், மின்னியல், வேதிப் பொறியியல், கருவியியல், கட்டுமானம் ஆகிய பிரிவுகளைச் சேர்ந்த பொறியாளர்களும், டிப்ளமா படித்த மேற்பார்வையாளர்களும், ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டர்களும் வெல்டர்களும் எலக்ட்ரீஷியன்களுமே. டர்பைனும் ஜெனரேட்டரும் பம்பும் வால்வும் அனல்மின் நிலையத்தில் இருப்பவற்றின் உறவினங்களே. வேறுபாடு உலையின் ஓர் இயல்பிலிருந்து பிறக்கிறது. அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை நிறுத்தினால் நெருப்பு அணைந்துவிடும். அணு உலையில் தொடர்வினையை நிறுத்தியபின்னும், பிளவில் உண்டான பொருள்களின் சிதைவினால், முழு வெப்பத்தில் ஆறு ஏழு விழுக்காடு அந்தக் கணத்தில் தொடர்ந்து எழும். அது சில மணி நேரத்தில் ஒரு விழுக்காட்டளவுக்குத் தணிந்தாலும் நாள்கணக்கில் குளிர்விக்கப்பட வேண்டும். 2011 மார்ச் 11 அன்று ஃபுகுஷிமாவில் உலைகள் முறைப்படி நின்றன. சுனாமியால் மின்சாரம் அற்றுப்போய் இந்த எச்ச வெப்பத்தை அகற்ற முடியாமல் போனதே பேரழிவாயிற்று. நின்றபின்னும் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டிய இயந்திரம் என்பதால்தான் கட்டுப்பாட்டு அறை ஒரு நொடியும் ஆளில்லாமல் இருக்கக் கூடாது.

அந்த அறையில் அமரும் உரிமை எளிதில் கிடைப்பதன்று. கள இயக்குநராகத் தொடங்கி, கட்டுப்பாட்டுப் பொறியாளர், உதவி ஷிஃப்ட் பொறுப்புப் பொறியாளர், ஷிஃப்ட் பொறுப்புப் பொறியாளர் என ஒவ்வொரு படிக்கும் எழுத்துத் தேர்வு, நிலையத்தைச் சுற்றி நடந்து ஒவ்வோர் அமைப்பையும் காட்டி விளக்கும் தேர்வு, நேர்முகத் தேர்வு என்று கடந்துசெல்ல வேண்டும். மேற்படிகளுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் தேவை. அந்த உரிமமும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே செல்லும். உண்மையான கட்டுப்பாட்டு அறையை அச்சாக ஒத்த சிமுலேட்டரில் குழாய் உடைவது, மின்சாரம் போவது, பம்பு நிற்பது போன்ற நிலைகளை உருவாக்கி, ஷிஃப்ட் குழுவைத் திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள். ஒரு வால்வைத் திறக்குமாறு ஆணை வந்தால், பெற்றவர் அந்த வால்வின் எண்ணோடு ஆணையை அப்படியே திருப்பிச் சொல்வார்; சொன்னவர் சரியென்று உறுதிசெய்தபின்பே கை வால்வின்மேல் படும். வெளியார் கண்ணுக்கு இது சலிப்பூட்டும் சடங்காகத் தோன்றலாம். பல ஆண்டு எதுவும் நேராத நிலையத்தில், நேரக்கூடும் என்ற விழிப்பை இரவு ஷிஃப்டிலும் குன்றாமல் வைத்திருப்பதே இப்பணியின் கடினமான பகுதி. அதைத் தாங்கிநிற்பவை இத்தகைய நடைமுறைகள்தாம். கைகா நிலையத்தின் முதல் உலை 962 நாள் இடைவிடாமல் இயங்கி 2018-இல் உலக அளவில் சாதனை படைத்ததன் பின்னணியில் இந்த ஒழுக்கம் இருந்தது.

பணியில் நுழையும் வழிகள் இந்தியாவில் இதுவரை பெரும்பாலும் அரசு சார்ந்தவையாகவே இருந்துவந்துள்ளன. பொறியியல் பட்டதாரிகளும் அறிவியல் முதுநிலைப் பட்டதாரிகளும் டிராம்பேப் பயிற்சிப் பள்ளியை நடத்தும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஓராண்டுப் பயிற்சிக்கு, கேட் தேர்வு மதிப்பெண் அல்லது மையம் நடத்தும் தேர்வின் வழியாகவும், பின்னர் ஆழமான நேர்முகத்தின் வழியாகவும் தெரிவாகின்றனர். முடித்தவர்கள் விஞ்ஞான அதிகாரியாக, மத்திய அரசின் பத்தாம் நிலை ஊதியத்தில் சேர்ந்து, குறைந்தது மூன்று ஆண்டு பணிபுரிய உறுதியளிக்க வேண்டும். இப்பயிற்சிப் பள்ளியின் கிளை கல்பாக்கத்திலும் உண்டு. இந்திய அணுமின் கழகம் கேட் மதிப்பெண் அடிப்படையில் தன் பயிற்சிப் பொறியாளர்களைத் தனியே எடுக்கிறது. டிப்ளமா அல்லது பி.எஸ்சி. படித்தவர்களும், ஐ.டி.ஐ. அல்லது பிளஸ் டூ முடித்தவர்களும் உதவித்தொகையுடன் கூடிய பயிற்சியாளர்களாகச் சேர்ந்து, பயிற்சிக்குப்பின் நிரந்தரப் பணி பெறுகின்றனர். சிற்றூர்களின் மாணவர்களுக்கு இதுவே மிக நம்பகமான வாயில், ஆனால் இதைப் பற்றி அவர்களுக்குச் சொல்பவர்கள் குறைவு. 'அணுப் பொறியியல்' என்ற பெயருள்ள பட்டம் இருந்தால்தான் இத்துறையில் நுழையலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது, அதற்கு ஆதாரமில்லை. அடிப்படைப் பொறியியலை நன்கு கற்றவருக்கு உலை பற்றிய அறிவைப் பயிற்சிப் பள்ளி தந்துவிடும். அடிப்படை பலவீனமானவருக்குப் பட்டத்தின் பெயர் உதவாது.

உலையைச் சாராத வேலைகளும் இத்துறையின் குடைக்கீழ் வருகின்றன. திருச்சி பெல் நிறுவனம் கனநீர் உலைகளுக்கான நீராவி உருவாக்கிகளைச் செய்கிறது. தூத்துக்குடியில் கனநீர் ஆலை உண்டு. மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து தோரியம் கொண்ட மோனசைட் உள்ளிட்ட கனிமங்கள் பிரிக்கப்படுகின்றன. புற்றுநோய் மருத்துவமனைகளில் கதிர்வீச்சின் அளவைக் கணித்துத் தரும் மருத்துவ இயற்பியலாளர்களும், தொழிற்சாலைகளில் வெல்டிங் இணைப்புகளைக் கதிர்ப்படம் எடுத்துச் சோதிப்பவர்களும் கதிரியக்கப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றவர்களே. மின்நிலையங்களின் எதிர்காலம் எப்படி அமைந்தாலும் இவர்களுக்கான தேவை வளரும்.

இத்துறையில் சேர நினைப்பவரின் குடும்பம் முதலில் கேட்பது உடல்நலத்தைப் பற்றியே. அது நியாயமான கேள்வி. கதிர்வீச்சு உடலுக்குச் செய்யும் விளைவை மில்லிசீவர்ட் என்ற அலகால் அளக்கிறார்கள். மண்ணிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் காற்றிலிருந்தும் ஒரு மனிதர் இயற்கையாகப் பெறுவது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். கேரளக் கருநாகப்பள்ளி, குமரி மாவட்டக் கடற்கரை போன்ற மோனசைட் மணல் பகுதிகளில் இது பல மடங்கு. அணுமின் நிலையப் பணியாளருக்கு இந்திய ஒழுங்குமுறை அனுமதிக்கும் வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20, எந்த ஓர் ஆண்டிலும் 30. ஒவ்வொருவரும் சட்டையில் அணியும் டி.எல்.டி. பேட்ஜ் அவர் பெற்ற அளவைப் பதிவுசெய்கிறது. கதிரியக்கப் பகுதியிலிருந்து வெளியேறும்போது கை, கால், உடை அனைத்தும் அளவீட்டுக் கருவியின் முன் சோதிக்கப்படும். சுகாதார இயற்பியலாளர் என்று அழைக்கப்படும் பாதுகாப்பு வல்லுநர் ஒரு வேலை தொடங்குமுன் அந்த இடத்தை அளந்து, எவ்வளவு நேரம் நிற்கலாம், எந்தக் கவசம் வேண்டும் என்று வரையறுப்பார். அளவு மீறினால் வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டு. குறைந்த அளவு கதிர்வீச்சு நெடுங்காலத்தில் புற்றுநோய் வாய்ப்பைச் சிறிதளவேனும் கூட்டுகிறது என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையை ஏற்றே இந்த வரம்புகள் வகுக்கப்பட்டுள்ளன. ஆகவே ஆபத்தே இல்லை என்று சொல்வதும், நுழைந்தவரெல்லாம் நோயுறுவர் என்று சொல்வதும் ஒரே அளவு தவறு.

ஆனால் இந்தப் பாதுகாப்பு அனைவருக்கும் ஒரே தரத்தில் கிடைக்கிறதா என்ற கேள்வியை இத்துறை பற்றிய எந்த ஆய்வும் தாண்டிச் செல்லக் கூடாது. உலை நிறுத்தப்பட்டு ஆண்டுப் பராமரிப்பு நடக்கும் வாரங்களில், உலகெங்கும், துப்புரவு, சாரம் கட்டுதல், வெப்பக்காப்பு பிரித்தல் போன்ற வேலைகளுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்கள் பெருமளவில் வருகின்றனர். கதிர்வீச்சு மிகுந்த இடங்களில் நெருங்கி நிற்பவர்களில் பலர் இவர்களே. ஜப்பானில் நிலையத்துக்கு நிலையம் அலையும் இத்தகையோரின் நிலை ஃபுகுஷிமாவுக்குப்பின் உலகின் கண்ணில் பட்டது. நிரந்தரப் பொறியாளருக்கு முப்பதாண்டுப் பதிவும் ஓய்வுக்குப்பின் மருத்துவ வசதியும் இருக்க, மூன்று மாதம் வந்துபோகும் தொழிலாளியின் பதிவை அவர் வாழ்நாள் முழுதும் தொடர்ந்து, பின்னாளில் நோயுற்றால் பொறுப்பேற்பவர் யார் என்பது தெளிவாக இல்லையேல், வரம்புகள் தாளில் மட்டுமே நிற்கும். இந்தியாவில் தனியார் நிறுவனங்கள் உள்ளே வரும் இந்த வேளையில் இதற்கான ஏற்பாடு சட்டத்தின் உறுதியோடு அமைய வேண்டும்.

நிலையத்தைச் சுற்றி வாழும் மக்களின் நிலையும் இதனோடு இணைந்தது. 2011-இல் கூடங்குளம் நிலையத்துக்கு எதிராக இடிந்தகரையை மையமாகக் கொண்டு எழுந்த போராட்டத்தை ஃபுகுஷிமாவின் அச்சம் மட்டும் தூண்டவில்லை. கடலையும் மீனையும் நம்பி வாழும் மக்கள், தங்களைக் கேளாமல் தங்கள் வாசலில் முடிவெடுக்கப்பட்டதை எதிர்த்தனர். 2013 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பு நிபந்தனைகளோடு நிலையத்தை இயக்க அனுமதித்தது. சட்டப்படி வழக்கு முடிந்தது, மனக்குறை முடியவில்லை. நிலையத்தின் உயர்தொழில்நுட்பப் பணிகளுக்கு நாடெங்குமிருந்து வந்தவர்கள் செட்டிகுளம் குடியிருப்பில் வசதியாக வாழ, நிலம் கொடுத்த ஊர்க்காரர்களுக்கு ஒப்பந்தக் கூலி வேலையே கிட்டுகிறது என்ற குறை அங்கே தொடர்ந்து ஒலிக்கிறது. கூடங்குளத்தில் மேலும் நான்கு உலைகள் கட்டப்படுகின்றன. அவை இயங்கப்போகும் அறுபது ஆண்டுகளுக்குத் தேவையான ஃபிட்டர்களையும் இயக்குநர்களையும் ராதாபுரம் வட்டாரப் பள்ளிகளிலிருந்தே உருவாக்கப் போதிய காலம் இருக்கிறது. அதைச் செய்யாமல் விட்டால் அது காலக்குறைவினால் நேர்ந்த தவறாக இராது.

இனி வருங்காலம். இன்று இந்தியாவின் அணுமின் திறன் ஏறத்தாழ 8,800 மெகாவாட். நாட்டின் மின்னுற்பத்தியில் அதன் பங்கு மூன்று விழுக்காடு அளவே. 2025 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் அரசு, 2047-க்குள் இதை ஒரு லட்சம் மெகாவாட் ஆக்கும் இலக்கை அறிவித்து, சிறு உலைகளின் ஆய்வுக்கு 20,000 கோடி ரூபாய் ஒதுக்கி, உள்நாட்டில் உருவான ஐந்து சிறு உலைகளேனும் 2033-க்குள் இயங்கும் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 'சாந்தி' சட்டம், 1962-இன் அணுசக்திச் சட்டத்தையும் 2010-இன் அணுச் சேதப் பொறுப்புச் சட்டத்தையும் நீக்கி, தனியார் நிறுவனங்கள் அணுமின் நிலையம் நடத்த வழிதிறந்து, ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்தும் அளித்தது.

இலக்கின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. கூடங்குளம் முதல் உலை வருமுன், 2013-இல், இந்தியாவின் திறன் 4,780 மெகாவாட். அதன்பின் கூடங்குளத்தில் இரண்டு, காக்ரபாரில் இரண்டு, ராஜஸ்தானில் ஒன்று என ஐந்து உலைகளால் 2025 வரை சேர்ந்தது 4,100 மெகாவாட். ஒரு லட்சத்தை எட்ட வேண்டுமானால், எஞ்சிய 22 ஆண்டுகளிலும் ஆண்டுக்குச் சராசரியாக இதே 4,100 மெகாவாட்டைச் சேர்த்தாக வேண்டும். பன்னிரண்டு ஆண்டில் நடந்ததை ஒவ்வோர் ஆண்டும் நடத்த வேண்டும். மெஸ்மெர் காலத்துப் பிரான்ஸ் ஏறத்தாழ இந்த வேகத்தை எட்டியதால் இது இயலாதது என்று கூற முடியாது. ஆனால் பிரான்ஸ் ஒரே வகை உலையைத் திரும்பத் திரும்பக் கட்டியது. இந்தியாவோ 700 மெகாவாட் கனநீர் உலை, ரஷ்ய உலை, ஈனுலை, பலவகைச் சிறு உலைகள் என்று பல பாதைகளில் ஒருசேர நடக்கப் பார்க்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சிமுலேட்டர், தனி உரிமம், தனி உதிரிப்பாகம், தனிப் பயிற்சி வேண்டும். மக்கள்திறனின் பக்கமிருந்து பார்த்தால், ஏற்கெனவே தேர்ச்சி கண்ட 700 மெகாவாட் கனநீர் உலையை வரிசையாகக் கட்டுவதே வலுவான வழியாகத் தோன்றுகிறது. 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையின் கட்டுமானம் கல்பாக்கத்தில் 2004-இல் தொடங்கி, அவ்வாண்டின் சுனாமியில் அதன் அடித்தளக் குழி நீரில் மூழ்கியது முதல் பல தடைகளைக் கண்டு, 2024 மார்ச்சில்தான் உலை மையத்தை நிரப்பும் கட்டத்தை எட்டியது. தொழில்நுட்பத்தின் புதுமை எவ்வளவு காலத்தை விழுங்கும் என்பதற்கு இது அளவுகோல். சிறு உலைகள் பற்றிய நம்பிக்கையும் இதே எச்சரிக்கையோடு அணுகத்தக்கது: அமெரிக்காவில் நூஸ்கேல் நிறுவனத்தின் முதல் திட்டம், செலவு உயர்ந்ததால், 2023 நவம்பரில் கைவிடப்பட்டது.

சூரிய மின்சாரம் மிக மலிவாகிவிட்ட காலத்தில் அணுமின்சாரத்துக்கு இடம் இருக்குமா என்ற ஐயமும் நேர்மையாக எதிர்கொள்ளத்தக்கது. பகலில் அதனோடு விலைப்போட்டியில் அணு உலை வெல்லப்போவதில்லை. இரவும் மழைக்காலமும் நிலக்கரியை விட்டு விலகவேண்டிய கட்டாயமும் சேரும்போதே அணுமின்சாரத்தின் மதிப்பு புலப்படுகிறது. மின்கலன்களின் விலை இன்னும் எவ்வளவு குறையும் என்பதைப் பொறுத்து அந்த மதிப்பும் மாறும். இலக்கில் பாதியே நிறைவேறலாம். அப்போதும் இன்றுள்ளதைப்போல் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட திறனை இயக்க மனிதர்கள் தேவைப்படுவார்கள்.

தனியார் வருகையால் உடனடியாக எழப்போகும் சிக்கல் வேறு. அனுபவம் வாய்ந்த ஷிஃப்ட் பொறியாளரை உருவாக்கப் பத்தாண்டு ஆகும். புதிதாக நுழையும் நிறுவனம் அவ்வளவு காலம் காத்திராமல், கூடுதல் ஊதியம் தந்து அணுமின் கழகத்திலிருந்தே அவரை அழைத்துக்கொள்ளும். தனிமனிதருக்கு அது நன்மை. ஆனால் பயிற்சிச் செலவைப் பொதுநிறுவனம் ஏற்க, பயனைத் தனியார் பெறும் ஏற்பாடு நெடுநாள் நில்லாது. நிலையம் நடத்த உரிமம் கேட்கும் ஒவ்வொரு நிறுவனமும், முதல் கான்கிரீட்டை ஊற்றுமுன் தன் பயிற்சிப் பள்ளியையும் சிமுலேட்டரையும் நிறுவியாக வேண்டும் என்ற நிபந்தனை இங்கே பொருத்தமாக இருக்கும். ஒழுங்குமுறை வாரியத்தின் வல்லுநர்கள் குறித்தும் இதே கவலை உண்டு. கண்காணிப்பவர்களின் ஊதியமும் மதிப்பும் கண்காணிக்கப்படுபவர்களுடையதைவிடத் தாழ்ந்தால் திறமையாளர்கள் அங்கே தங்கமாட்டார்கள். சட்ட அந்தஸ்து கிடைத்தும் வாரியம் வலுவிழக்கும்.

இத்துறையை மூடிவிட முடிவுசெய்த நாட்டிலும் பணி முடிவதில்லை. ஜெர்மனி தன் கடைசி மூன்று உலைகளை 2023 ஏப்ரலில் நிறுத்தியது. ஆனால் அங்கே 1990-இல் மூடப்பட்ட கிரைஃப்ஸ்வால்டு நிலையத்தைப் பிரித்தெடுக்கும் வேலை மூன்று பத்தாண்டுகளுக்கு மேலாகியும் நடக்கிறது. பயன்படுத்திய எரிபொருளில் உள்ள சீசியம்-137 பாதியாகச் சிதைய 30 ஆண்டும், புளூட்டோனியம்-239 பாதியாகச் சிதைய 24,100 ஆண்டும் பிடிக்கும். இந்தியா அந்த எரிபொருளை மறுசெயலாக்கம் செய்து, புளூட்டோனியத்தை ஈனுலைகளுக்கென எடுத்துக்கொண்டு, எஞ்சிய கழிவைக் கண்ணாடியோடு உருக்கி உறையச்செய்து சேமிக்கிறது. வேதியியல், தொலைக்கருவியியல், நிலவியல் படித்தவர்களுக்கு இங்கே தலைமுறைகள் நீளும் பணி உண்டு. உலைகளைப் பிரிப்பதில் இந்திய அனுபவமோ மிகக் குறைவு. அப்சரா போன்ற ஆராய்ச்சி உலை பிரிக்கப்பட்டிருக்கிறது. மின்னுற்பத்தி உலை எதுவும் இதுவரை முழுமையாகப் பிரிக்கப்படவில்லை. தாராப்பூரின் முதலிரண்டு உலைகள் அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டன; கல்பாக்கத்தின் உலைகள் நாற்பதைத் தொட்டுவிட்டன. இப்போது பள்ளி இறுதியில் படிப்பவர்களின் பணிக்காலத்துக்குள் இவை பிரிக்கப்பட வேண்டியிருக்கும். அதற்கான தனிப் பாடத்திட்டமும் பயிற்சி வரிசையும் இன்றே வகுக்கப்பட்டால்தான், அவற்றைக் கட்டிய தலைமுறையில் எஞ்சியிருப்போர் தங்கள் கையால் பொருத்திய குழாய்களைப் பற்றி அவர்களுக்கு நேரில் சொல்லித்தர முடியும்.